செல்லோவில் விரல் வைக்கப் பழகுவது: முதல் பொசிஷனுக்கு ஒரு வழிகாட்டி

செல்லோவின் கழுத்தில் கோடு, மெட்டு எதுவும் கிடையாது. வீணையிலும் கிட்டாரிலும் மெட்டை ஒட்டி எங்கே அழுத்தினாலும் ஸ்வரம் ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். செல்லோவில் விரல் அரை சென்டிமீட்டர் தள்ளி விழுந்தாலே அபஸ்வரம் கேட்கும். அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாகத் தேடுகிறார்கள். ஒரு விரலை வைப்பார்கள், சுருதி காட்டும் ட்யூனரைப் பார்ப்பார்கள், நகர்த்துவார்கள், பிறகு அடுத்த விரல். இப்படியே போனால் மாதக்கணக்கில் வாசித்தாலும் கை இடம் பிடிக்காது. நான்கு விரலும் ஒரே விரிவில், ஒரே நேரத்தில் தந்தி மேல் வந்து நிற்கப் பழக வேண்டும். கை சரியான விரிவில் உட்கார்ந்துவிட்டால் ஸ்வரங்களைத் தேடும் வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

இங்கே சொல்வது எல்லாம் முதல் பொசிஷனுக்கு, அதாவது கழுத்தின் மேல்முனைக்கு அருகில் கை நிற்கும் இடத்துக்கு. முதல் வருடத்தில் பெரும்பாலும் அங்கேதான் வாசிப்போம்.

உட்காருவதும் சுருதி சேர்ப்பதும்

கை போடாத நாற்காலி, இரண்டு பாதமும் தரையில் படும் உயரம். நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். அடியில் இருக்கும் எண்ட்பின் கம்பியை இழுத்து, செல்லோவின் மேல்விளிம்பு நெஞ்செலும்பில் சாயும்படி நீளம் வைத்துக்கொள்ளுங்கள். சி தந்தியை முறுக்கும் பிருடை இடது காதுக்குப் பின்னால் வந்தால் உயரம் சரி. கழுத்துப் பகுதி உங்கள் தோளில் முட்டக் கூடாது, இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். நாளுக்கு ஒரு நீளத்தில் எண்ட்பின்னை இழுத்தால் நேற்றுப் பழகிய கை இன்றைக்கு வேறு இடத்தில் விழும். சரியான நீளம் கிடைத்ததும் கம்பியில் ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள்.

தந்திகள் தடிமனிலிருந்து மெல்லியது வரை சி, ஜி, டி, ஏ. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் ஸ-ப இடைவெளி. நம் சுருதிக் கணக்கில் சி ஒரு கட்டை, ஜி ஐந்து, டி இரண்டு, ஏ ஆறு கட்டை. தினமும் சுருதி சேர்த்த பிறகுதான் விரல் வைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தாலோ, மழைக்காலத்திலோ சுருதி தானாகவே மாறிவிடும். சுருதி இறங்கிய தந்தியில் சரியான இடத்தில் விரல் வைத்தாலும் தப்பான ஸ்வரம்தான் வரும், கை அந்தத் தப்பைப் பழகிக்கொள்ளும்.

எந்த விரலுக்கு என்ன எண்

ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டுவிரல் 4. விரல் வைக்காத வெறுந்தந்தி 0. கட்டை விரலுக்கு இப்போதைக்கு எண் இல்லை. பியானோவில் கட்டை விரல்தான் 1 என்பதால் அங்கிருந்து வருபவர்கள் முதல் வாரம் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

முதல் பொசிஷனில் 1 வெறுந்தந்தியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் மேலே விழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு விரலுக்கும் அரை ஸ்வரம். ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே, ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே. டி தந்தியில் 1 ஈ, 2 எஃப், 3 எஃப் ஷார்ப், 4 ஜி. ஏ தந்தியில் பி, சி, சி ஷார்ப், டி. ஜி தந்தியில் ஏ, பி ஃபிளாட், பி, சி. சி தந்தியில் டி, ஈ ஃபிளாட், ஈ, எஃப். நான்கு தந்தியிலும் கையின் வடிவம் ஒன்றுதான்.

வயலின் வாசித்தவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. வயலினின் டி தந்தியில் எஃப், எஃப் ஷார்ப் இரண்டையும் நடுவிரலே கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால் நகர்ந்து வாசித்துவிடும். செல்லோவில் எஃப் என்றால் 2, எஃப் ஷார்ப் என்றால் 3. விரலுக்கு ஒரு அரை ஸ்வரம் என்ற இந்த ஏற்பாட்டை முறைப்படுத்தி எழுதியவர் ழான் லூயி டுபோர் என்ற பிரெஞ்சுக் கலைஞர். அவருடைய நூல் 1806-இல் வெளியானது. அதற்கு முன் பலர் வயலின் கையையே சாய்த்து வைத்துச் சமாளித்தார்கள். தந்தியின் நீளத்தைப் பார்த்தால் காரணம் புரியும். வயலினில் சுமார் 33 சென்டிமீட்டர், முழு அளவு செல்லோவில் சுமார் 69. இடைவெளியெல்லாம் இரட்டிப்புக்கும் கொஞ்சம் அதிகம்.

டேப் ஒட்டுவது

ஒட்டலாமா கூடாதா என்று ஆசிரியர்களுக்குள் ஓயாத வழக்கு. என் கட்சி: ஒட்டுங்கள், ஆனால் இரண்டே இரண்டு. 1-க்கு ஒன்று, 4-க்கு ஒன்று. நான்கு கோடு ஒட்டினால் கண் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிடும். இரண்டு ஓரமும் சரியாக இருந்தால் நடுவில் 2, 3 தானாக இடம் பிடிக்கும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. விரல்பலகையின் மேல்முனையில் தந்தி ஏறி வரும் சிறு மேடு நட். அங்கிருந்து, பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் வரை தந்தியை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு 1, நாலில் ஒரு பங்கு 4. முழு அளவு செல்லோவில் நட்டிலிருந்து 1 ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர், 4 பதினேழேகால். 2 பதினொன்றை ஒட்டியும் 3 பதினாலேகாலை ஒட்டியும் விழும். முக்கால் அளவு செல்லோவுக்கு இந்த எண்கள் பொருந்தாது, பங்குக் கணக்கு மட்டும் பொருந்தும்.

ஸ்கேலை நம்பி உடனே ஒட்டிவிடாதீர்கள். அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபடும், ஸ்வரம் ஒரு மயிரிழை ஏறும். பென்சிலால் லேசாகக் குறித்து, டி தந்தியில் விரல் வைத்து மீட்டி, ட்யூனரில் ஈ, ஜி சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு ஒட்டுங்கள். எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிளேடால் கீறி எடுத்தால் போதும். கீறுவதை மேசை மேல் வைத்துச் செய்யுங்கள், விரல்பலகை மேல் அல்ல. தந்திக்கு அடியில் நுழைத்து, பலகையைச் சுற்றி இறுக்கமாக ஒட்ட வேண்டும். தடித்த டேப் என்றால் தந்தி அதில் பட்டுக் கிர்ரென்று சத்தம் போடும்.

கையின் வடிவம்

செல்லோவைத் தொடாமல் இடது கையைத் தொங்கவிடுங்கள். விரல்கள் தாமாகவே லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு கெடாமல் கையைத் தூக்கித் தந்தி மேல் வையுங்கள், விரல் பக்கம் உங்களைப் பார்க்காமல் தந்தியைப் பார்க்கட்டும். கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால், நடுவிரலுக்கு நேர் எதிரே தொட்டுக்கொண்டு நிற்கும். உள்ளங்கை கழுத்தில் ஒட்டக் கூடாது. ஒரு எலுமிச்சம்பழம் உள்ளே அடங்கும் இடம் வேண்டும்.

விரலின் நுனி முனை தந்தியில் படக் கூடாது. நகத்துக்குக் கீழே சதைப்பற்றான இடம் இருக்கிறதே, அது பட வேண்டும். தந்தி தடிமன் என்பதால் சதை பட்டால்தான் ஒலி குண்டாக வரும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இதில் பேரம் கிடையாது.

மணிக்கட்டு வெளியே உடைந்தும் இருக்கக் கூடாது, உள்ளே குழிந்தும் இருக்கக் கூடாது. முழங்கையிலிருந்து விரல் கணுவரை ஒரு மென்மையான சரிவு. ஏ தந்திக்கு முழங்கை கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம். டி, ஜி, சி என்று போகப் போக முழங்கை முன்னால் உயர்ந்து வர வேண்டும். சி தந்தியில் சுண்டுவிரல் எட்டவில்லை என்பவர்களில் பெரும்பாலோருக்கு விரல் குட்டை இல்லை, முழங்கைதான் விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது.

அடுத்து முக்கியமான விஷயம், எல்லா விரலையும் சேர்த்து வைப்பது. 4-ஐ வைக்கும்போது 1, 2, 3 மூன்றும் தந்தி மேலேயே இருக்க வேண்டும். 3-ஐ வைக்கும்போது 1, 2 இருக்க வேண்டும். சுண்டுவிரல் தனியாகத் தந்தியை அழுத்த முயன்றால் முதல் கணு உள்ளே மடிந்து விழும், ஸ்வரமும் இறங்கும். மற்ற மூவர் கூட நின்றால் கையின் எடை முழுவதும் வந்து இறங்கும், சுண்டுவிரலுக்குச் சிரமமே தெரியாது. வேகமாக வாசிக்கும் காலத்தில் இந்த விதி தளரும். முதல் சில மாதங்களுக்குத் தளர்த்தாதீர்கள்.

சரியாக அழுத்துகிறோமா என்று பார்க்க ஒரு சோதனை. டி தந்தியில் நான்கு விரலும் வைத்து, வில்லால் நீளமாக ஜி வாசியுங்கள். வாசித்துக்கொண்டே கட்டை விரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒலி மாறாமல் இருந்தால் கையின் எடை வேலை செய்கிறது. ஒலி மங்கிவிட்டால் இதுவரை கட்டை விரலும் மற்ற விரல்களும் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன என்று அர்த்தம். கட்டை விரலின் அடிச்சதை வலிப்பதற்கும் இந்த நெருக்கல்தான் காரணம். வலித்தால் நிறுத்திவிட்டுக் கையை உதறுங்கள், பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். விரல் நுனியில் எரிச்சலும் கொஞ்சம் தோல் தடிப்பும் வேறு விஷயம், அவை எல்லோருக்கும் வரும்.

முதல் பயிற்சி

வில் வேண்டாம். வலது கை ஆள்காட்டி விரலால் தந்தியை மீட்டுங்கள். டி தந்தியில் நான்கு விரலும் மொத்தமாக வையுங்கள், மீட்டுங்கள்: ஜி. சுண்டுவிரலை மட்டும் எடுங்கள்: எஃப் ஷார்ப். மோதிர விரலை எடுங்கள்: எஃப். நடுவிரலை எடுங்கள்: ஈ. கடைசி விரலையும் எடுத்தால் வெறுந்தந்தி. எல்லோரும் 1-லிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு மேலே போகத்தான் சொல்வார்கள். நான் மேலிருந்து கீழே வரச் சொல்வதற்குக் காரணம், அப்போது கை முதலிலேயே முழுவதுமாக விரிந்து உட்கார்ந்தாக வேண்டும், இழுத்துப் பிடித்து எட்ட வேண்டிய விரல் என்று ஒன்று இருக்காது. எடுத்த விரலும் தூரமாகப் பறந்து போகக் கூடாது, தன் இடத்துக்கு நேர் மேலே காத்திருக்க வேண்டும்.

அப்புறம் கையைத் தொடை மேல் போட்டுவிட்டு, மறுபடி பார்க்காமல் தந்திக்குக் கொண்டுபோங்கள். மீட்டிக் கேளுங்கள், பிறகு டேப்பைப் பாருங்கள். தினமும் பத்து நிமிடம் இதையே செய்யலாம், சலிப்பாகத்தான் இருக்கும். டேப்பைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவர்களுக்குத் தலை இடது பக்கம் முறுகி, தோள் ஏறி, அதோடு கையும் நகர்ந்துவிடும்.

தந்தியே சொல்லும் பதில்

ட்யூனர் செயலியை விட நல்ல ஆசிரியர் செல்லோவுக்குள்ளேயே இருக்கிறார். டி தந்தியில் 4 வைத்து ஜி வாசித்து, பக்கத்தில் சும்மா இருக்கும் ஜி தந்தியைப் பாருங்கள். விரல் சரியான இடத்தில் இருந்தால் யாரும் தொடாமலேயே அந்தத் தந்தி அதிரும். ஒற்றைக் கோடாகத் தெரிந்த தந்தி பட்டையாக மங்கித் தெரியும். வில்லை எடுத்த பிறகும் ஒலி ஒரு விநாடி தொங்கி நிற்கும். விரலைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், அதிர்வு செத்துவிடும், ஒலியும் மொட்டையாகிவிடும்.

ஏ தந்தியில் 4 வைத்தால் டி தந்தி அதிரும். ஜி தந்தியில் 4 வைத்தால் சி. கீழ்த்தந்திகளில் முதல் விரலுக்கும் இந்தச் சோதனை உண்டு. ஜி தந்தியில் 1 வைத்தால் ஏ தந்தியும், சி தந்தியில் 1 வைத்தால் டி தந்தியும் பதில் சொல்லும். டி தந்தியின் 1-க்கு இப்படி உடனே பேசும் தந்தி இல்லை. அங்கே வெறும் ஏ தந்தியையும் சேர்த்து ஒரே வில்லில் வாசியுங்கள். இரண்டும் அலையடிக்காமல் அமைதியாகச் சேர்ந்தால் ஈ சரி.

சில செல்லோக்களில் எஃப், எஃப் ஷார்ப் பக்கம் ஒலி திடீரென்று உறுமும், தடுக்கும். அது பெட்டியின் அதிர்வினால் வருவது. விரலைக் குறை சொல்லிக்கொண்டு இடத்தை மாற்றாதீர்கள்.

சுருதி போட்டு ராகமாக

இனி வில்லை எடுக்கலாம். தம்புரா செயலியில் இரண்டு கட்டை வைத்துக்கொள்ளுங்கள். டி வெறுந்தந்தி ஸ, ஏ வெறுந்தந்தி ப. இப்போது டி தந்தியில் 0-1-3-4, ஏ தந்தியில் 0-1-3-4. மேற்கத்திய முறையில் செல்லோ மாணவர் முதலில் படிக்கும் டி மேஜர் இது. நம் காதுக்கு இது சங்கராபரணம். ரி 1, க 3, ம 4, த 1, நி 3, மேல் ஸ 4.

இதைத் தெரிந்துகொண்டால் பெரிய லாபம் இருக்கிறது. இரண்டு தந்தியிலும் 3-க்குப் பதில் 2 வைத்து 0-1-2-4, 0-1-2-4 என்று வாசித்தால் கரகரப்பிரியா. டி தந்தியில் 3, ஏ தந்தியில் 2 என்றால் ஹரிகாம்போதி. டி தந்தியில் 2, ஏ தந்தியில் 3 என்றால் கௌரிமனோகரி. கை ஒரு இம்மி நகராமல் நான்கு மேளகர்த்தாக்கள், அதாவது தாய் ராகங்கள். பிடித்துப்போன பாட்டின் சாயல் காதில் விழுந்தால், பயிற்சி செய்கிறோம் என்பதே மறந்துவிடும். 2-ஐயும் 3-ஐயும் பிரித்து வைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டு விரலும்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கும், காந்தாரம் கலங்கினால் நமக்கு உடனே தெரிந்துவிடும்.

விரல்களைத் தாண்டி வைக்கப் பழக ஐந்து ஸ்வர ராகங்கள் தோது. மோகனம் 0-1-3, 0-1-4. சுத்த சாவேரி 0-1-4, 0-1-4. மத்யமாவதி 0-1-4, 0-2-4. ஹம்சத்வனி 0-1-3, 0-3-4. கமகம் எதுவும் சேர்க்காதீர்கள், நீளமான வில்லில் நேர் ஸ்வரமாக நிறுத்துங்கள். அசைத்து வாசித்தால் இடம் தப்பியது மறைந்துபோகும்.

தம்புராவோடு வாசிக்கும்போது இன்னொன்று கவனிக்கலாம். காந்தாரம் காதுக்கு இனிமையாகச் சேரும் இடத்தில் ட்யூனர் முள் கொஞ்சம் தாழ்வாகக் காட்டும். பியானோ சுருதிக்கு ஏற்ப ட்யூனரை அமைத்திருப்பதால் வரும் வித்தியாசம் அது. தனியாக சுருதி போட்டு வாசிக்கும்போது காதை நம்புங்கள். பியானோவோடு சேர்ந்து வாசிக்கும்போது விரலை ஒரு துளி மேலே சாய்த்துக்கொள்ளலாம்.

மாயாமாளவகௌளை ஏன் முதலில் வேண்டாம்

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்கித்தான் பழக்கம். செல்லோவிலும் அதையே எடுப்பார்கள், கை உடனே திணறும். சுத்த ரிஷபம் நட்டிலிருந்து நாலு சென்டிமீட்டர்கூட இல்லை, அந்தர காந்தாரமோ பதினாலைத் தாண்டி. இரண்டுக்கும் இடையில் பத்து சென்டிமீட்டருக்கு மேல். அதை 1-ம் 3-ம் பிடிக்க வேண்டும். சாதாரணக் கைவிரிவில் இது முடியாது.

இதற்கு எக்ஸ்டென்ஷன் என்று தனி வித்தை உண்டு. 2, 3, 4 மூன்றும் தங்கள் இடத்திலேயே நிற்க, ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு நட் பக்கம் அரை ஸ்வரம் பின்னால் போகும். அப்போது விரல் வளைவு குறைந்து ஏறக்குறைய நேராகிவிடும், நுனியின் ஓரம் தந்தியைத் தொடும். கட்டை விரல் நடுவிரலோடேயே நிற்கும், ஆள்காட்டி விரலோடு பின்னால் ஓடக் கூடாது. முன்பக்கமாக விரிக்கும் வகையும் உண்டு. அதில் 1 அங்கேயே நிற்க மற்ற மூன்றும் கட்டை விரலோடு சேர்ந்து அரை ஸ்வரம் முன்னால் நகரும். டி தந்தியில் 1-ல் ஈ, 4-ல் ஜி ஷார்ப் கிடைப்பது இப்படித்தான்.

சாதாரண விரிவில் கரகரப்பிரியா சுத்தமாக நின்ற பிறகு இதற்கு வாருங்கள். சிறிய கை உள்ளவர்கள் 1-ஐ வைத்துவிட்டு, 3-க்கு வரும்போது 1-ஐ விட்டுவிடலாம், நான்கும் ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதி எக்ஸ்டென்ஷனுக்குப் பொருந்தாது.

டேப்பை எப்போது எடுப்பது

கண்ணை மூடிக்கொண்டு கையைத் தொடையிலிருந்து தந்திக்குக் கொண்டுபோய், முதல் மீட்டலிலேயே பெரும்பாலும் ஜி தந்தி அதிர்கிறதா? அப்படியென்றால் 4-க்கான டேப்பை எடுத்துவிடலாம். 1-க்கானதை இன்னும் சில வாரம் வைத்திருங்கள். அதையும் எடுக்கும் காலத்தில் நான்காம் பொசிஷன் வந்திருக்கும். அங்கே கழுத்து பெட்டியோடு சேரும் வளைவில் கட்டை விரல் போய் முட்டி நிற்கும். தடவிப் பார்த்தே இடம் தெரிந்துவிடுவதால் அதற்கு டேப் தேவைப்படாது.

உரித்த இடத்தில் பசை பிசுபிசுக்கும். ஸ்பிரிட்டோ தின்னரோ தொட வேண்டாம், ஒரு சொட்டு வழிந்தாலும் பெட்டியின் வார்னிஷ் போய்விடும். துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய்க் கையோடு வில்லின் மயிரைத் தொடாதீர்கள், தொட்ட இடம் தந்தியில் பிடிக்காமல் வழுக்கும்.